வாய் இல்லாத முகம்

பட்டினப்பாக்கத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குதித்து இறங்குகிறேன். மீன்கடைகளுக்குப் பின்னால் நீளச் சுவர் முழுக்க ஓவியமாகப் பெண்கள்! கடைகளை அகற்ற புல்டோசர் வந்த அன்று மீன்கூடைகளைச் சாலைக்குக் குறுக்கே அடுக்கி மறியல் செய்தவர்களாம். சாரத்தின் மேல் நின்று ஓர் இளம்பெண் வரைந்துகொண்டிருக்கிறாள். நடுவில் இருக்கும் முகத்துக்கு மட்டும் வாய் இல்லை.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் கீழே உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு மட்டும் ஏன்க்கா வாய் வரையல?" என்கிறேன்.

"வாய மூடி வரைஞ்சாதான் அடக்கமா இருக்கும்ன்றாரு எங்க வூட்டுக்காரரு. அன்னிக்கு நான் மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கு இந்தக் கடை இருக்குமா? நீயே சொல்லு!"

"அக்கா, அன்னிக்கு மாதிரியே ஒருவாட்டி கத்துங்க. பாத்து வரைஞ்சுடறேன்" என்கிறாள் மேலே நிற்பவள்.

அக்கா எழுந்து நின்று, "கடல் யாரு கடல்?" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கிறார்.

"எங்க கடல்!" என்று கடைவரிசை மொத்தமும் எழுந்துவிடுகிறது. என் குரலும் அதில் இருக்கிறது.

வந்துகொண்டிருந்த மாநகரப் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. ஓட்டுநர் தலையை நீட்டி, "இன்னாம்மா, மறுபடியுமா?" என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திராமல் என்ஜினை அணைக்கிறார்.