எர்த்துக் குழி

"மோட்டாருக்கே கரண்டு பத்த மாட்டேங்குது. இதுல காருக்கு எங்கிட்டுருந்து வரும், ஆத்தா?"

மின்சாரக் கார் வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்று சித்தப்பா கேட்டது இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எதைச் செய்தாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும்; பழகிவிட்டது. கார் வந்து வாசலில் நிற்கட்டும், அதுவே பதில் சொல்லும் என்று விட்டுவிட்டேன்.

அது ஆசைக்கு வாங்கிய கார் அல்ல. அம்மா இறந்துபோன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். வீடு அரிமளத்துக்குப் பக்கம். எனக்கு வேலை ஆவுடையார்கோவிலில். பஸ் மாறி வீடு வந்து சேரும்போது அப்பா சாப்பிடாமலே படுத்திருப்பார். அங்கேயே அறை எடுத்துத் தங்கினால் அவர் அடியோடு தனியாகிவிடுவார். தினமும் போய்த் திரும்ப ஒரு வண்டி வேண்டும், அதற்கு வீட்டிலேயே சார்ஜ் ஏற வேண்டும்.

மழைக்காலத்தில் வாங்கினேன். பனி முடியும்வரை ஒழுங்காக ஏறியது. வெயில் ஏறியதும் நின்றுபோனது. சார்ஜரைச் செருகினால் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு.

சித்தப்பா சொன்னதுபோல வோல்டேஜ் குறைவோ என்று, வயல் மோட்டார்கள் ஓடாத நேரம் பார்த்துச் செருகினேன். சிவப்பு. பிளக் பாயிண்டைப் புதிதாக மாற்றினேன். அப்போதும் சிவப்பு. அலுவலகத் தோழி வீட்டில் ஒருநாள் கேட்டுச் செருகினேன், உடனே பச்சை. அப்படியானால் காரிலும் குறையில்லை, சார்ஜரிலும் இல்லை. எங்கள் வீட்டில்தான் ஏதோ குறை. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாளிலிருந்து மறுபடி பஸ். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றேன்.

எலெக்ட்ரீசியன் வந்து ஒரு குண்டு பல்பை ஒயரில் மாட்டிச் சோதித்தார். பல்பு முதலில் நன்றாக எரிந்தது. ஒரு முனையை எர்த்தில் வைத்ததும் பீடி முனைபோல மங்கிவிட்டது.

"எர்த்து வேலை செய்யலம்மா. லைட்டு, ஃபேனு எல்லாம் அது இல்லாமயே ஓடிரும். காரு ஒத்துக்காது. குழி மண்ணு ஈரமா இருந்தாத்தான் எர்த்து புடிக்கும். குழி எங்கிட்டு இருக்கு?"

நான் வாசல் சிமெண்டுத் தளத்தைக் காட்டினேன். காட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் மனை முழுக்கச் செம்பாறை. வீட்டுக்குக் கரண்டு இழுத்தபோது கடப்பாரை இறங்கிய ஒரே இடம் அதுதான். அங்கே குழாயை நட்டு, உப்பும் கரியும் கொட்டி மூடினார்கள். மண் இளகியிருந்ததால் அம்மா அதன் பக்கத்தில் கல்லைப் போட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அந்தத் தண்ணீர்தான் வருடக்கணக்காகக் குழியை ஈரமாக வைத்திருந்தது. அது யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அப்பா கொத்தனார். கார் வரப்போகிறது என்றதும், எம் மக காரு சகதியில நிக்கக் கூடாது என்று சொல்லி, கழுவுகல்லைப் பெயர்த்துப் பின்னால் போட்டுவிட்டு, வாசல் முழுவதும் தானே தளம் போட்டார். அம்மா போனதிலிருந்து அவர் அந்தக் கல் பக்கம் திரும்பி உட்கார்ந்ததே இல்லை. அவர் மூடியது சகதியை மட்டும் அல்ல. மழை ஈரம் இருந்தவரை குழி தாங்கியது, பிறகு காய்ந்துவிட்டது.

கொல்லையில் வேறு குழி தோண்டிப் பார்த்தோம். முழங்கை ஆழத்திலேயே பாறை.

தளத்தை உடைக்க வேண்டியிருக்கும் என்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீ அங்கிட்டே ஒரு ரூமு எடுத்துக்கத்தா. எனக்கென்ன, ஆக்கித் திங்கத் தெரியாதா?"

போக மாட்டேன் என்றேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஒடைக்கிறதா இருந்தா நான் வேலைக்குப் போனப்பறம் ஒடச்சுக்க. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

இன்று அலுவலகத்துக்கு விடுப்பு. அப்பாவின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் கடப்பாரையை எடுத்தேன். அவர் போட்ட தளம், லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கையில் கொப்புளம் போட்ட பிறகுதான் குழாயின் தலை தெரிந்தது. சுற்றியிருந்த மண் அடுப்புச் சாம்பல்போல உதிர்ந்தது. உப்பும் கரியும் கொட்டினேன். பிறகு, அடுப்படியிலிருந்து காலைப் பாத்திரங்களை அள்ளிவந்து, அங்கேயே குந்தி உட்கார்ந்து கழுவி முடித்தேன். சார்ஜரை இன்னும் செருகிப் பார்க்கவில்லை.