டின்னில் இரண்டு தட்டு

மனுஷன் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்பார், இரண்டு அடித்தால் கிளம்புவார். பின்னால் திரும்பிப் பார்க்கிற பேச்சே கிடையாது. ஓய்வு பெற்று முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கியதும், தன்னைவிட வயதில் மூத்த ஒரு குட்டி டிராக்டரைப் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்து, ஆறு மாதம் மல்லுக்கட்டி ஓட வைத்தார்.

தோட்டம் உழுத அன்று கொல்லையே அதிர்ந்தது. மனைவி ஓடிவந்து ஏதோ கத்தினாள், காதில் விழவில்லை. கையிலிருந்த காலி எண்ணெய் டின்னை டங் டங்கென்று இரண்டு தட்டு தட்டினாள். 'ரைட்டு' என்று இவர் இன்னும் வேகமாக விட்டார்.

சுவரோரம் போய் நிறுத்திய பிறகுதான் கலப்பையில் சிக்கியிருந்த ரோஜாச் செடியைப் பார்த்தார். ஏழு வாடகை வீட்டுக்கும் அந்த டின்னிலேயே வைத்து அவள் தூக்கித் திரிந்த செடி. அன்று காலையில்தான் தரையில் நட்டிருந்தாள்.

"நீ தட்டினது... போகச் சொல்றேன்னு நினைச்சேன்" என்று இழுத்தார்.

"யார் யாரோ விசிலடிச்சா நின்னீங்க. நான் கூப்பிட்டு என்னைக்குத் திரும்பிப் பாத்தீங்க?"

இப்போதெல்லாம் அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்துத்தான் உழுகிறார். அவள்தான் கொல்லைப் பக்கம் வருவதில்லை.