எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியபோது தெரிந்த கோளாறு

நியூ ஜெர்சியில் பதினோரு வருஷம் நான் பார்த்த வேலையைச் சுருக்கிச் சொன்னால், அடுத்தவர் வீட்டில் மண்டி போட்டுச் சாம்பல் அள்ளினேன். பெல்லட் ஸ்டவ் சர்வீஸ். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் இரும்பு அடுப்பு அது. குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு. முழங்கால் போயிற்று, மூக்கெல்லாம் கரி, மத்தியானச் சாப்பாடு வேனுக்குள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

செல்வராஜ் புரோகிராமர். மனைவி ரெஜினா ஐந்து மாதக் கர்ப்பிணி, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார். எங்கள் கடைதான் அவர்களுக்கு ஸ்டவ் மாட்டியது. அடுப்புக்கென்று வெளியிலிருந்து காற்று வரத் தனிக் குழாய் போடலாமா என்று கேட்டதற்கு, சுவரில் இன்னொரு ஓட்டை வேண்டாம் என்று செல்வராஜ் சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

நவம்பரில் போன் வந்தது. ஸ்டவ் கண்ணாடி தினமும் கறுத்துப் போகிறதாம். போனேன். அடுப்பை ஆறவிட்டு, குச்சி எரிகிற பர்ன் பாட் கிண்ணத்தில் இறுகியிருந்த கட்டியைச் சுரண்டினேன். சாம்பல் தட்டைக் காலி செய்தேன். புகைக்குழாயில் பிரஷ் விட்டு இழுத்தேன். பற்றவைத்ததும் சுடர் மஞ்சளாகத் துள்ளி எரிந்தது.

"அண்ணா, சாயங்காலம் ஆனா எனக்கு ஒரே தலைவலி. இதனால இருக்குமா?" என்று ரெஜினா கேட்டார். செல்வராஜ் பக்கத்தில் நின்றார்.

"ஸ்டவ் பக்கா சார். குளிரு பழகினா சரியாயிடும்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே புகார், அதே சுத்தம். ரெஜினா அதே தலைவலியையும் சொன்னார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று விசாரித்தேன். "மாசமா இருக்கறப்ப வர்றதுதானாம்" என்றார் செல்வராஜ். ஷீட்டில் 'ஆல் ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

மூன்றாவது தடவை போனது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். எல்லாம் செய்து முடித்தாயிற்று. சுடர் அருமையாக இருந்தது. கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மூணு தடவை வந்துட்டீங்க, தண்ணிகூடக் குடிக்கல. உக்காருங்கண்ணா, அச்சு முறுக்குக்கு மாவு ரெடியா இருக்கு. நாலு சுட்டுத் தர்றேன்" என்றார் ரெஜினா.

"வேணாம்மா, இன்னும் ரெண்டு வீடு பாக்கி."

"நீங்க வர்றீங்கன்னுதான் காலைலேர்ந்து சமையல் அடுப்பே பத்தவைக்கல. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். வீட்டுல மசாலா வாசனை அடிச்சா கம்பெனிக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

கம்பெனிக்காரன் என்றால் மூஞ்சியெல்லாம் கரியோடு நின்ற நான்தான். முழங்கால் கெஞ்சியது. உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணெய் காய்ந்ததும் ரெஜினா எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். பேய் இரைச்சல். "ரெஸ்டாரன்ட்டுக்குப் போடற ஃபேன்ணா, நானே மாட்டினேன். ஆபீஸ் கோட்டுல மீன் வாசனை வரக்கூடாதுல்ல" என்றார் செல்வராஜ். குளிருக்கு ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன.

சும்மாதான் ஸ்டவ்வைத் திரும்பிப் பார்த்தேன். துள்ளிக்கொண்டிருந்த சுடர் சோர்ந்து, சிவந்து, நுனியில் கறுப்பாக ஆடியது. குழாய் இணைப்பில் மெல்லிய புகை. சட்டென்று எழுந்தேன்.

"ஃபேனையும் சமையல் அடுப்பையும் அணைச்சிட்டு வெளியே போம்மா, இப்பவே."

செல்வராஜ் ஸ்டவ்வின் பிளக்கைப் பிடுங்க ஓடினார். "பிளக்கைத் தொடாதீங்க சார். உள்ள புகையை வெளிய தள்ளுற ப்ளோயர் நின்னா புகை மொத்தமும் வீட்டுக்குள்ள வரும்" என்று தடுத்து, ஸ்டவ்விலேயே ஆஃப் பட்டனை அழுத்தினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு நாங்களும் வெளியே வந்தோம். ரெஜினா கணவரின் கோட்டைப் போர்த்திக்கொண்டு பனியில் நின்றார்.

விஷயம் இதுதான். மூடிய வீட்டிலிருந்து அந்த ஃபேன் காற்றை வெளியே உறிஞ்சித் தள்ளியது. ஸ்டவ்வுக்கு எரியக் காற்று போதவில்லை. வெளியே போக வேண்டிய புகை வீட்டுக்குள் இழுபட்டது. அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வந்தது. அதற்கு வாசனை கிடையாது. தினமும் சாயங்காலம் சமைக்கிற ரெஜினா அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார். நான் போகிற நாளில் மட்டும் அந்த வீட்டில் சமையல் இல்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தது என்று டெஸ்டில் தெரிந்தது. மறுநாள் சுவரில் ஓட்டை போட்டு வெளிக்காற்றுக் குழாய் மாட்டினேன். ஸ்டவ் கதவு ஓரத்தில் காற்றை அடைக்கிற கேஸ்கெட்டை மாற்றி, குழாய் இணைப்பை அடைத்து, அந்த வாயு வந்தால் கத்துகிற அலாரம் வைத்தேன். ஃபேனைக் கழற்றிச் சின்னதாக ஒன்று போடவைத்தேன். பிறகு ஜன்னல்களை மூடி, ஃபேனையும் ஸ்டவ்வையும் சேர்த்து ஓடவிட்டு, வாயுவை அளக்கிற மீட்டரும் கையுமாக ஒரு மணி நேரம் நின்றேன்.

கிளம்பும்போது ரெஜினா வாசல்வரை வந்தார். "ரெண்டு தடவையும் நான்தான் கேட்டேன்ணா. ரெண்டு தடவையும் நீங்க அவர்கிட்டதான் பதில் சொன்னீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச்சில் பெண் குழந்தை, இருவரும் நலம் என்று செல்வராஜ் கடைக்குப் போன் செய்தார். ரிசீவரை வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்து அழுதேன்.

பர்ன் பாட்டைச் சுரண்டுவதும் பிரஷ் விடுவதும் மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் நாள் முழுக்க யார் இருக்கிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தினமும் போடுகிறதையெல்லாம் போடச் சொல்லி, அதற்கப்புறம் சுடரைப் பாருங்கள். அந்தக் குழந்தை தப்பித்தது அச்சு முறுக்கு மாவினால். என் வேலையினால் இல்லை.