ஊமைப்படம் பார்க்க வந்த வாய்க்காரர்கள்

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவனுக்கு எந்தப் படம் எப்படி முடியும் என்பது தெரியும். தன் மனைவி எப்போது வந்து சேருவாள் என்பது மட்டும் தெரியாது. டென்மார்க்கில் நம்மவர்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் நீதி அமைச்சில் படுத்துத் தூங்கிய வருடங்களில், ஓகூஸ் நகரில் என் பாடு இதுதான். உங்களில் பலரும் அதே பாடு பட்டவர்கள் என்பதால் மனம் விட்டுச் சொல்கிறேன்.

இடைவேளை

தியேட்டர் முதலாளி பென்ட் ஒரு பழைய ஊமைப்படம் போட்டார். வேலை தேடி அலையும் இளம் நாட்டியக்காரியின் பகிடிக் கதை. டேனிஷ் தெரியாவிட்டாலும் விளங்கும் என்று, பண்டகசாலையில் வேலை செய்த சிவம் அண்ணையையும் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களையும் அழைத்தேன்.

நடுவில் படச்சுருள் மாற்ற வெளிச்சம் போட்டார்கள். வெளிச்சம் வந்தால் நமக்கு இடைவேளைதானே? உழுந்து வடைப் பெட்டியோடு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். வாசம் பிடித்து டேனிஷ்காரரும் ஒவ்வொருவராய்ப் பின்னால் போனார்கள். வெறும் கதிரைகளுக்குப் படம் ஓட்ட முடியாமல் பென்ட் வெளியே வந்தார். நான் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் ஒரு வடையைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “நாளையிலிருந்து இடைவேளை விடுவோம். கோப்பி நான் விற்கிறேன்.”

பின்வரிசை

இரண்டாம் பாதியில் ஒரு தடியன் நாட்டியக்காரிக்கு வேலை தருவதாக ஆசை காட்டினான். “அவனிட்டைப் போகாதை பிள்ளை, அவன் பொய்யன்” என்று சிவம் அண்ணை திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். அடக்கப் போன என்னை ஒரு டேனிஷ் அம்மா நிறுத்தி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். “அவரைத் தடுக்காதே, நானும் அதையேதான் நினைத்தேன்” என்றார் அந்த அம்மா.

கீழறை

படத்தின் கடைசியில் நாட்டியக்காரிக்கு மேடை கிடைத்தது. அவள் ஆட, நான் கதவடியில் நின்று அழுதேன். என்ன என்று பென்ட் கேட்டார். என் மனைவி மலர் யாழ்ப்பாணத்தில் நடன ஆசிரியை, வந்தாலும் இங்கே தும்புத்தடி பிடித்துக் கூட்டத்தான் வேண்டும் என்றேன். “கீழே ஒரு அறை சும்மா கிடக்கிறது. அவர் வந்ததும் அங்கே சொல்லிக் கொடுக்கட்டும்.”

மலர்

அமைச்சு விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டது பத்திரிகைகளில் வெளிவந்து, நாடே பேசி, ஒருவழியாக அனுமதி கிடைத்தது. வந்த கிழமையே மலரைக் கீழறைக்குக் கூட்டிப் போனேன். சந்தோஷத்தில் அழுவாள் என்று கைலேஞ்சியோடு நின்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றி, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். “வெறும் சீமெந்து. இதிலை ஆடினால் பிள்ளையளின்ரை முழங்கால் போயிடும். பலகை போடச் சொல்லுங்கோ, சனிக்கிழமை தொடங்கிறன்.”

தூங்கிய விண்ணப்பத்தை எழுப்ப நாடே சத்தம் போட வேண்டியிருந்தது. பென்டைப் பலகை அடிக்க வைக்க மலர் ஒருத்தியே போதுமாக இருந்தாள்.