கரண்டு வருவதற்கு முன் விற்ற மாடுகள்

1968 மார்ச் 6, புதன்கிழமை. விடிந்ததும் அம்மா தூக்கில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். வல்லம் சாலையோரம் இருந்த எங்கள் நிலத்தில் அதை நைனாவிடம் கொடுத்துவிட்டு, செஞ்சிக்குப் பள்ளிக்கூடம் போனேன். எல்லா நாளும் அப்படித்தான். அன்று நைனா கூழைத் தொடவில்லை.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்கத்தான் மாடு இல்லை. தை மாதம் வேர்க்கடலை விதைத்த கையோடு, கிணற்றில் கவலைச் சால் இழுத்து நீர் இறைத்த மாட்டு ஜோடியை அவலூர்பேட்டைச் சந்தையில் நைனா விற்றுவிட்டார்.

யோசனை மாமனுடையது. அம்மாவின் தம்பியான அவர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கடைக்கு வரும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார்.

"கடலோரம் கல்பாக்கத்துல அணுவ ஒடச்சி கரண்டு எடுக்கப் போறாங்க மாமா. வல்லம் வரைக்கும் கம்பம் வந்துட்ச்சி. ஊரே மோட்டார் போட்டா அப்புறம் மாட்ட எவன் கேப்பான்? வெல இருக்கும்போதே தள்ளிடு."

நைனா எதையும் முந்திச் செய்கிறவர். மாடு விற்ற கையோடு மோட்டார் வாங்கிக் கிணற்றடியில் இறக்கினார். அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தவள் நான். கம்பம் மட்டும் வல்லத்தைத் தாண்டவில்லை. பயிர் பூவெடுத்து, காய் பிடிக்க விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயத்தில் மண் இறுகிப்போனது. இரவல் மாடு கேட்டுப் போன இடத்தில், "எங்க மாடே நாக்கு தள்ளிக்கினு கெடக்குது" என்றார்கள். அம்மா குடத்தில் மொண்டு ஊற்றியது வரப்போரத்துப் பாத்திக்கே போதவில்லை.

அன்று மாலை மாமன் வந்தார்.

"வாடா. ஒரு கொட்டாங்குச்சி தண்ணி எறைக்கச் சொல்லு உன் அணுவ" என்றாள் அம்மா.

"அடுத்த வருஷம் பாருக்கா..."

"இந்த வருஷம் இன்னாடா திங்கறது? உன் பேப்பரயா?"

நைனா சிரித்தார். அந்த நேரத்தில் அவர் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. "அவன இன்னாத்துக்குத் திட்ற? வித்தது நானு" என்றவர், மாமனிடம் திரும்பினார். "போற வழியில ஆட்டுக்காரன காலைல வரச் சொல்லிட்டுப் போ மச்சான்."

மாமன் சொன்னது பொய்யில்லை. பல வருஷம் கழித்துக் கல்பாக்கத்தில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கத்தான் செய்தார்கள். அப்போது நிலம் எங்களுடையதல்ல. ஊருக்கெல்லாம் மோட்டார் வந்து கிணறுகள் அடிமண் தெரிய வற்றியிருந்தன. நைனா கல்லுடைக்கப் போய், நெஞ்சில் தூசு அடைத்துச் செத்திருந்தார்.

மாமன் வந்துபோன மறுநாள் காலை முதல் வேலையாக, நைனா வேலிமுள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, கடலைப் பயிருக்குள் ஆடுகளை விடச் சொன்னார். ஒற்றை ஆடு எட்டிப் பார்த்தாலும் கல்லெடுக்கும் மனிதர், வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தை மறந்து ஒரு கருப்புக் குட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாடாத தழையாகத் தேடித் தேடிப் பறித்து அதற்கு ஊட்டினேன்.