அம்மாவின் இலையும் என் ஏழு புழுக்களும்

டுரியான் துங்கால் என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு கறிவேப்பிலை மரம்தான் இருந்தது. எனக்கு ஏழு வயதான வருடம் அதற்கு அம்மாவும் நானும் சொந்தம் கொண்டாடினோம். அம்மா அப்போது மாசமாக இருந்தார். எதைத் தின்றாலும் குமட்டல். கறிவேப்பிலைத் துவையலும் சுடுசோறும் மட்டும்தான் வயிற்றில் தங்கும். எனக்கோ, அந்த மரத்தில் கண்டுபிடித்த ஏழு புழுக்களையும் வளர்த்து வண்ணத்துப்பூச்சி ஆக்கியே தீர வேண்டும்.

தீபாவளி முறுக்குப் போத்தலின் சிவப்பு மூடியில் அப்பா ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார். முதலில் பறவை எச்சம் மாதிரி இருந்த புழுக்கள், தோல் உரித்து உரித்துப் பச்சையாகக் கொழுத்தன. தொட்டால் தலையிலிருந்து இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். வீட்டில் அந்த நாற்றம் பிடித்திருந்த ஒரே ஆள் நான்தான். அவை தின்ற வேகத்தில் இரண்டு வாரத்தில் மரம் பாதி மொட்டை.

"புழுவுக்குப் பசியாற போடவாடி நான் மரம் வச்சேன்?" என்று அம்மா சத்தம் போட, நான் போத்தலைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே மரத்துக்கு அடிச்சிக்கிட்டா நான் என்னலா செய்றது?" என்றார் அப்பா. மரம் எனக்கு, அம்மாவுக்குப் பாசார்க் கடையிலிருந்து இலை என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து வேலை முடிந்து வரும் வழியில் அப்பா கட்டுக் கட்டாக வாங்கி வந்தார். அம்மா முணுமுணுத்தபடியே அதை அரைத்துச் சாப்பிட்டார்.

இரண்டு புழுக்கள் கூடு கட்டின. அவற்றை வேறு போத்தலுக்கு மாற்றினேன். மிச்சம் ஐந்து. ஒரு சாயங்காலம் அடைமழை, வெளியே விடமாட்டார்கள். எனக்கா மூளை இல்லை? பிரிட்ஜைத் திறந்து, அம்மாவின் இலைக் கட்டிலிருந்து பளபளப்பான இணுக்குகளாகப் பொறுக்கிப் போட்டேன். இவ்வளவு அழகான இலையை என் புழுக்கள் கண்டிருக்கவே மாட்டா என்று பெருமை வேறு.

காலையில் ஐந்தும் சுருண்டு செத்துக் கிடந்தன. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தார்.

"எந்த எலய போட்ட?"

"உங்க எலதாம்மா. பிரிட்ஜுல இருந்துச்சு."

அம்மா போத்தலைப் பார்த்தார். மேசையில் இருந்த துவையல் கிண்ணத்தைப் பார்த்தார். அதை அப்படியே குப்பையில் கொட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் புழுக்கள் மேல் இத்தனை பாசமா என்று எனக்கு அழுகையே நின்றுபோனது.

"அழாதீங்கம்மா, இன்னும் ரெண்டு இருக்குலா" என்று தேற்றினேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார்.

"மருந்தடிச்ச எலயா இருக்குமோ?" என்ற அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. செத்த புழுக்களோடு போத்தலை மடியில் வைத்தபடி அம்மா காரில் ஏற, மூவருமாகக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்லையாம்" என்றார் அப்பாவிடம்.

"அப்ப அந்த ரெண்டும் பொழச்சிருமா?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொழச்சிரும்மா. எல்லாம் நல்லா பொழச்சிரும்."

டாக்டர் சொன்னது பலித்தது. அடுத்த வாரமே கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளிகளோடு இரண்டும் வெளியே வந்தன. துள்ளித் துள்ளிக் குதித்தேன். புழுவுக்காக டாக்டரிடம் போன அம்மா வேறு யாருக்கு இருக்கிறார் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

தம்பியும் நல்லபடியாகப் பிறந்தான். அவனுக்கு முதன்முதலாகக் காய்ச்சல் வந்தபோது, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அதே கிளினிக்குக்கு ஓடினார். பரவாயில்லை, என் புழுக்கள் மேல் இருக்கும் பாசம் அம்மாவுக்கு இவன் மேலும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.