தகப்பனார் தொழில்: ஷாட் ஃபயரர்

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பதினொரு கட்டங்கள். பத்துக் கட்டங்களில் வாத்தியாருக்கு ஆட்சேபம் இல்லை. ஏழாவது கட்டமான ‘தகப்பனார் தொழில்’ என்பதில்தான் தகராறு வந்தது. அப்பாவின் சர்டிபிகேட்டில் இருந்தபடியே ‘ஷாட் ஃபயரர்’ என்று எழுதியிருந்தேன்.

“சுடுறவரா? போலீஸா?” என்றார் வாத்தியார்.

“இல்ல சார். கல் குவாரி.”

“குவாரில யாரச் சுடுறாரு?”

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். என்னைத் தவிர அத்தனை பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை வரும்போது அர்த்தம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் குவாரியில் அப்பாவுக்கு மூன்று பெயர்கள். ஊரார் வேட்டுக்காரர் என்றார்கள். ஆஜர் புத்தகத்தில் மேஸ்திரி. சர்க்கார் பரீட்சை எழுதி வாங்கிய சர்டிபிகேட்டில் மட்டும் ஷாட் ஃபயரர்.

சனிக்கிழமை சோற்றுத் தூக்கோடு குவாரிக்குப் போனேன். அர்த்தம் கேட்கப் போனேன் என்பது பாதிதான் உண்மை. பாறையில் குழி போடும் வேலையில் என் தாய்மாமா அங்கே இருந்தார். கடற்கரையில் அணு உலை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் குவாரிக் கல் அங்கே போனது. மத்தியானம் கிளம்பும் முதல் லாரியில் ஏற்றிப்போய் எனக்குக் கடலைக் காட்டுவதாக மாமா சத்தியம் செய்திருந்தார். ஒன்பது மைலில் இருந்த கடலை நான் அதுவரை நான்கே முறைதான் பார்த்திருந்தேன்.

அன்று பதினான்கு குழிகள். அப்பா சிவப்புக் கொடியை நட்டு, மூன்று முறை விசில் ஊதி, ஒவ்வொரு திரியாகக் கொளுத்திவிட்டு, நாங்கள் ஒளிந்திருந்த பாறை மறைவுக்கு வந்தார். வெடிச் சத்தத்தை எப்போதும் இரண்டு பேர் எண்ண வேண்டும். வழக்கமாக எண்ணுகிறவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் அப்பாவோடு மாமா எண்ணினார். என்னை யாரும் எண்ணச் சொல்லவில்லை. நானாக எண்ணினேன். அப்பா எண்ணும் விதம்தான் எனக்கும்: கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்கள்மேல் நகர்த்திக்கொண்டே போவது. விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. பதின்மூன்றுக்கு மறுபடியும் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவுக்கு வர வேண்டும்.

ஒன்பதாவது வெடித்தபோது ஒரு லாரி கொடியைத் தாண்டி உள்ளே வந்தது. அப்பா இரண்டு கைகளையும் வீசிக் கத்திக்கொண்டே ஓடினார். லாரி பின்னால் போனது. வெடிகள் தொடர்ந்தன. பிறகு புகை மட்டும் இருந்தது.

அப்பா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “எத்தினி?”

“பதினாலு. ரெண்டு ஒண்ணா வெடிச்சிது மாமா” என்றார் என் மாமா, பீடியைத் தேடிக்கொண்டே. வெடித்தபோது அவர் பக்கத்து ஆளிடம் கதை பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ எண்ணியா?”

பதின்மூன்றுதான் கேட்டிருந்தேன். ஆனால் எண்ணிக்கை குறைந்தால், ஏதோ ஒரு குழி வெடிக்காமல் இருக்கிறது என்று, அரை மணி நேரம் ஒருவரும் கீழே இறங்கக் கூடாது. பிறகு அப்பா மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் பொழுது போய்விடும், கடலும் போய்விடும்.

“பதினாலு” என்றேன்.

அப்பா என் வலது கையைப் பிடித்தார். சிறிது நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு, “பதிமூணு. யாரும் எறங்காதீங்க” என்றார்.

மேனேஜர் ஓடி வந்தார். மூன்று லாரிகள் காத்திருந்தன. “இன்னா வேட்டுக்காரரே, பேஜாரு பண்றீங்க? ஒம் மச்சானும் புள்ளயும் பதினாலுன்றாங்க. வெடி வெக்கிறதுதான ஒன் வேல?”

“வெக்கிறத எவன் வேணா வெப்பான். வெடிச்சிச்சா இல்லியான்னு சொல்றதுக்குத்தான் சர்டிபிகேட்டு.”

“நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கோ. இன்னிக்கு நான்தான்.”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் எண்ணிக்கையை எல்லார் முன்னாலும் தள்ளிவிட்டாரே என்று. “ஏன் மாமா, ஒனக்கு பயம்னா நீ குந்து. நான் போயி பாத்துட்டு வரேன்” என்று எழுந்தார். அப்பா பாதையின் குறுக்கே போய் நின்றார். மாமா அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். அப்பா அவருடைய லுங்கியைக் கொத்தாகப் பிடித்தார். “அவுந்தா அவுரட்டும். வுட மாட்டேன்.” ஆட்கள் சிரித்தார்கள். மாமா பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தார். அப்பா பிடியை விடவில்லை.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பதினைந்து. இருபது ஆனதும் மேனேஜரே கொடியைப் பிடுங்கப் போனார்.

இருபத்திரண்டாவது நிமிடம் வெடித்தது.

கற்கள் விழுந்து முடிந்தன. மாமா தன் துளைக்கும் கருவியைக் குழிகளுக்கு மேலேயே விட்டு வந்திருந்தார். அதை எடுக்கத்தான் முதலில் போயிருப்பார். அது இப்போது நடுவில் வளைந்து, பாதைக்கு இந்தப் பக்கம் கிடந்தது. பீடி பற்றவைக்க அவர் ஐந்து தீக்குச்சிகளைக் கிழித்தார். ஐந்தாவதும் அணைந்தது. மேனேஜர் கொடியை நிமிர்த்தி நட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். கடலைப் பற்றி மாமாவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பெற்ற பிள்ளை சொன்னதை அப்பா நம்பவில்லையே என்ற கோபம் எனக்கு வழியெல்லாம் இருந்தது. நான் சொன்னது பொய் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் அடுப்படியில் அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

“லாரிக்காரன வெரட்டப் போயி எனக்கு எண்ணிக்க வுட்டுப்போச்சி. ஒந்தம்பி பதினாலுன்றான். புள்ளயும் பதினாலுன்றான். ஆனா புள்ள கையப் பாத்தேன். வெரலு பதிமூணுலயே நின்னுகினு கீது.”

“அத்த நம்பியா அத்தினி பேரயும் நிறுத்தின?”

“வேற இன்னா இருந்துச்சி எனக்கு?”

என் கையைப் பற்றி ஏதோ குறை சொல்கிறார் என்பது மட்டும் அன்று எனக்குப் புரிந்தது. அழுக்கைச் சொல்கிறார் என்று நினைத்து, கிணற்றடிக்குப் போய்த் தேய்த்துக் கழுவினேன்.

திங்கட்கிழமை வாத்தியார் மறக்காமல் கேட்டார்.

“வெடி வெக்கிறவரு, சார்” என்றேன்.

அவர் ‘ஷாட் ஃபயரர்’ என்பதை அடித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.